சோறு தின்னா சுகர் வருமா, டீச்சர்?

கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு திங்கள்கிழமை. காலை வழிபாட்டுக் கூட்டம் முடியும் நேரத்தில் ஒன்பதாம் வகுப்பு வரிசையில் நின்ற ஒரு மாணவி சரிந்து விழுந்தாள். நிழலில் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்திப் பிடித்தோம். இரண்டு நிமிடத்தில் கண் விழித்தாள். "காலையில என்ன சாப்பிட்ட மக்களே?" என்று கேட்டேன். பதில் இல்லை. "நேத்து ராத்திரி?" அதற்கும் பதில் இல்லை. பக்கத்தில் நின்ற தோழிதான் சொன்னாள்: "டீச்சர், அவ சோறே தின்ன மாட்டா. மத்தியானம் முட்டைய மட்டும் எடுத்துட்டு சோற எங்களுக்குத் தந்திருவா."

அம்மாவை வரவழைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். வெறும் வயிறு, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காதது, வெயிலில் நீண்ட நேரம் அசையாமல் நின்றது ஆகிய மூன்றும் சேர்ந்து மயக்கம் வந்திருக்கிறது என்றார் மருத்துவர். இரத்தசோகையும் கொஞ்சம் இருந்தது. திரும்பி வரும்போது அந்த மாணவி மெதுவாகக் கேட்டாள்: "எனக்க அம்மைக்கு சுகர் இருக்கு டீச்சர். சோறு தின்னா எனக்கும் வரும்லா?"

அவள் அம்மா திடுக்கிட்டார். "எனக்குத்தான் டாக்டர் சோத்தைக் கொறைக்கச் சொன்னாரு டீச்சர். இவளுக்கு யாரும் சொல்லல்ல. இவளாட்டே நிறுத்தியிருக்கா. நான் பள்ளிக்கூடத்துல சாப்பிடுதான்னு நெனச்சேன். பள்ளிக்கூடத்துல நீங்க வீட்டுல சாப்பிடுதான்னு நெனச்சிருப்பீங்க."

மறுநாள் அவளுடைய அறிவியல் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஊட்டச்சத்துகள் பற்றிய அட்டவணையில் ஒரு வரி சிவப்பு மையால் அடிக்கோடிடப்பட்டிருந்தது: 'கார்போஹைட்ரேட்: ஆற்றல் தரும். மிகுந்தால் உடல் பருமன், நீரிழிவு வரும்.' அது நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட வரி. தேர்வுக்குப் போதுமான வரிதான். ஆனால் எவ்வளவு என்றால் 'மிகுதி', யாருக்கு மிகுதி, குறைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவில்லை. நான் விட்ட பாதியை அந்தக் குழந்தை தன் வீட்டு அச்சத்தால் நிரப்பிக்கொண்டாள்.

கார்போஹைட்ரேட் பாடத்தை நான் மறுபடியும் ஐந்து பாடவேளைகளில் நடத்தியது இதனால்தான். அந்த மாணவியின் பெயரையோ மயக்கத்தையோ வகுப்பில் ஒருமுறைகூடப் பேசவில்லை. பாடம் எல்லாருக்கும் பொதுவாகவே நடந்தது. அதில் எனக்குப் பயன்பட்டவற்றை ஆசிரியர் நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் பாடவேளை: நீலமாகும் கிழங்கு

முந்தைய நாளே 'வீட்டு அடுக்களையில் இருப்பதில் ஒரு சிறு துண்டு கொண்டு வாருங்கள்' என்று சொல்லியிருந்தேன். மரச்சீனிக் கிழங்கு, பழையசோறு, அவித்த பயறு, ஏத்தங்காய், பழுத்த மட்டிப்பழம், வெள்ளரிக்காய், அவித்த முட்டையின் வெள்ளைக்கரு, வேகவைத்த சாளை மீன், கருப்பட்டி என்று மேசை நிறைந்துவிட்டது. மருந்துக்கடையில் கிடைக்கும் டிங்க்சர் அயோடினை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து வைத்துக்கொண்டோம். சொட்டு விடும் முன் ஒவ்வொரு குழுவும் தன் கணிப்பை எழுத வேண்டும். அதன் பிறகே சோதனை.

மரச்சீனியும் சோறும் ஏத்தங்காயும் கருநீலமாயின. முட்டையும் மீனும் வெள்ளரிக்காயும் அயோடினின் பழுப்பு நிறத்திலேயே இருந்தன. பயறில் நீலம் வந்ததும் ஒரு குழு எழுந்தது. "பயறு புரதம்லா டீச்சர்? அது எப்படி நீலமாச்சு?" இந்தக் கேள்விக்காகவே பயறை மேசையில் வைக்கலாம். உணவுகளை 'இது புரதம், இது மாவுச்சத்து' என்று தனித்தனிப் பெட்டியில் அடைத்துப் படிக்கிறார்கள் மாணவர்கள். பயறில் புரதமும் உண்டு, ஸ்டார்ச்சும் உண்டு, நார்ச்சத்தும் உண்டு. ஒரு உணவு ஒரே சத்தால் ஆனது அல்ல என்பதை அவர்களே கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

அடுத்த கேள்வி பழுத்த மட்டிப்பழத்தைப் பற்றியது. ஏத்தங்காய் கறுத்தது, பழுத்த மட்டியில் நீலம் மிக லேசாகவே வந்தது. காய் பழுக்கும்போது நொதிகள் ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக மாற்றிவிடுகின்றன. அதனால்தான் காய் இனிப்பதில்லை, பழம் இனிக்கிறது. ஒரே வாழைத்தாரிலிருந்து ஒரு காயும் நான்கு நாள் கழித்து ஒரு பழமும் எடுத்துச் சோதித்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும்.

கருப்பட்டி நீலமாகவில்லை. "அப்போ கருப்பட்டியில கார்போஹைட்ரேட் இல்லையா?" என்று ஒருவன் கேட்டான். அயோடின் ஸ்டார்ச்சைத்தான் காட்டும், சர்க்கரையைக் காட்டாது என்பதை இங்கே சொல்லலாம். குளுக்கோஸைக் கண்டறிய பெனடிக்ட் கரைசல் வேண்டும். குளுக்கோஸ் நீரிலோ தேன் கலந்த நீரிலோ அதைச் சேர்த்துக் கொதிநீரில் வைத்தால், நீலம் பச்சையாகி, ஆரஞ்சாகி, செங்கல் நிறத்துக்கு வரும். இதில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரை சுக்ரோஸ். அது பெனடிக்ட் கரைசலை ஒடுக்காது. 'சர்க்கரையில் சோதித்துக் காட்டுகிறேன்' என்று தொடங்கி, கரைசல் நீலமாகவே இருப்பதைப் பார்த்து விழித்த அனுபவம் எனக்கு உண்டு.

இரண்டாம் பாடவேளை: வாயில் தொடங்கும் வேலை

ஆளுக்கு ஒரு பிடி சோறு. குழம்பு இல்லை, உப்பு இல்லை. விழுங்காமல் இரண்டு நிமிடம் மென்றுகொண்டே இருக்க வேண்டும். முதலில் சிரிப்பு, ஒரு நிமிடம் கழிந்தால் முகம் மாறும். "இனிக்குது டீச்சர்!"

உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி, ஸ்டார்ச்சின் நீண்ட சங்கிலியை வெட்டி மால்டோஸ் ஆக்கத் தொடங்குகிறது. அந்த இனிப்பு இதிலிருந்து வருகிறது. இதை உறுதிப்படுத்த இரண்டு சோதனைக் குழாய்கள் எடுத்தோம். இரண்டிலும் நீர்த்த கஞ்சித்தண்ணீர். ஒன்றில் மட்டும் உமிழ்நீர். இரண்டையும் கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் வைத்தோம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, வெள்ளை ஓட்டில் வைத்திருந்த அயோடின் சொட்டோடு சேர்த்துப் பார்த்தோம். உமிழ்நீர் சேர்த்த குழாயின் நீலம் படிப்படியாகக் குறைந்து மறைந்தது. மற்றதில் கடைசிவரை நீலம். அயோடினைக் குழாய்க்குள்ளேயே ஊற்றிவிடக் கூடாது. ஒருவருடைய உமிழ்நீரை அவரே கையாள வேண்டும். முடிந்ததும் குழாய்களைச் சோப்பு நீரில் கழுவ வேண்டும்.

வாயில் தொடங்கிய வேலை சிறுகுடலில் கணைய நீரின் அமைலேஸாலும் குடல் சுவரின் நொதிகளாலும் முடிகிறது. சோறோ மரச்சீனியோ கேழ்வரகோ கோதுமையோ, அவற்றிலுள்ள ஸ்டார்ச் எல்லாம் கடைசியில் குளுக்கோஸாகத்தான் இரத்தத்துக்குள் வருகிறது. வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. நார்ச்சத்தை நம் நொதிகளால் உடைக்க முடியாது. அது உடனிருந்தால் செரிமானம் மெதுவாகும். புரதமும் கொழுப்பும் உடனிருந்தாலும் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். எந்த உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக உயர்த்துகிறது என்று ஒப்பிடும் 'கிளைசீமிக் குறியீடு' என்ற அளவை, டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981இல் வெளியிட்டார்கள். குளிர்பானத்தின் சர்க்கரை விரைந்து வரும். பயறோடும் காய்கறியோடும் உண்ட சோறு நின்று நிதானமாக வரும்.

மூன்றாம் பாடவேளை: ஒரு தேக்கரண்டிக் கணக்கு

இது கணக்குப் பாடவேளை. கணித ஆசிரியரும் வந்து உட்கார்ந்தார்.

"பெரியவர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம். காலையில் வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டருக்கு 90 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் எவ்வளவு?" 5 லிட்டர் என்பது 50 நூறு மில்லிலிட்டர்கள். 50 × 90 = 4500 மில்லிகிராம். அதாவது 4.5 கிராம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை அளவுதான்! வகுப்பு நம்பவில்லை. மறுபடியும் போட்டுப் பார்த்தார்கள், அதே விடை.

"இப்போது அவர் 300 கிராம் சோறு சாப்பிடுகிறார். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் கார்போஹைட்ரேட். மொத்தம் 84 கிராம். அத்தனையும் இரத்தத்திலேயே தங்கிவிட்டால்?" 84,000 மில்லிகிராமை 50ஆல் வகுத்தால் 1680. வெறும் வயிற்றில் 126 இருந்தாலே நீரிழிவு என்கிறார்கள், இதுவோ 1680! ஆனால் நலமாக உள்ள ஒருவருக்குச் சாப்பிட்ட பின்பும் பொதுவாக 140ஐத் தாண்டுவதில்லை. மீதி எல்லாம் எங்கே போனது?

இந்தக் கேள்வியிலிருந்து வளர்சிதை மாற்றப் பாடம் தொடங்கியது. குளுக்கோஸ் ஒரே நேரத்தில் வந்து கொட்டுவதில்லை. சில மணி நேரமாகச் சிறிது சிறிதாக வருகிறது. வர வர, கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் தசைச் செல்களின் வாசலைத் திறந்துவிடுகிறது. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு சேர்ந்து குளுக்கோஸ் ஆற்றலாகிறது. ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரி. உடனே தேவைப்படாதது கிளைக்கோஜனாகக் கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கப்படுகிறது. பெரியவர் ஒருவரின் கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் 300 முதல் 400 கிராம் வரை இடமுண்டு. அந்தக் குதிர்களும் நிறைந்த பிறகு வருவது கொழுப்பாகிறது.

இரவில் என்ன நடக்கிறது? நாம் தூங்கினாலும் மூளை தூங்குவதில்லை. பெரியவரின் மூளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். கணையம் குளுக்ககான் என்ற இன்னொரு ஹார்மோனை அனுப்ப, கல்லீரல் தன் கிளைக்கோஜனை உடைத்துக் குளுக்கோஸாக்கி இரத்தத்துக்குத் தருகிறது. இரவு 7 மணிக்குச் சாப்பிட்டவர் காலையும் சாப்பிடாமல் மதியம் 1 மணிக்குத்தான் சாப்பிட்டால் இடைவெளி 18 மணி நேரம். கல்லீரலின் கையிருப்பு கரைந்துகொண்டே வரும். அப்போது உடல் புரதத்தை உடைத்துக் குளுக்கோஸ் செய்யத் தொடங்கும்.

நான் அடிக்கோடிட்டுச் சொன்னது இதைத்தான். புரதத்தின் வேலை உடலைக் கட்டுவது. அதுவும் பதினான்கு வயதில் எலும்பும் தசையும் இரத்தமும் பெருகும் காலம். கார்போஹைட்ரேட் போதவில்லை என்றால் அந்தப் புரதத்தில் ஒரு பகுதி எரிபொருளாகப் போகும். கதவு செய்ய வாங்கி வைத்த பலகையை அடுப்பில் வைப்பது போல. "அப்போ முட்டைய மட்டும் தின்னா…" என்று ஒரு குரல் தொடங்கி நின்றது. யாருடைய குரல் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. "முட்டை தன் வேலையைச் செய்ய வேண்டுமென்றால் பக்கத்தில் சோறும் இருக்க வேண்டும்" என்று பலகையைப் பார்த்தபடியே சொன்னேன்.

நீரிழிவு பற்றியும் இங்கேயே பேசினோம். இன்சுலின் சுரப்பதே நின்றுபோவது முதல் வகை. அது பெரும்பாலும் இளம் வயதில் வருவது, உணவுப் பழக்கத்தால் வருவதல்ல. இன்சுலின் இருந்தும் செல்கள் அதற்குச் சரிவரக் கட்டுப்படாதது இரண்டாம் வகை. பரம்பரை, இடுப்பில் சேரும் கொழுப்பு, உடலுழைப்பு இன்மை, தேவைக்கு மிஞ்சிய உணவு ஆகிய எல்லாம் அதில் பங்கு கொள்கின்றன. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் பட்டினி கிடப்பது அதற்குத் தடுப்பு மருந்தல்ல. இன்சுலினைக் கண்டறிந்த ஃபிரெடெரிக் பாண்டிங்கின் பிறந்தநாளான நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். நமக்கு அது குழந்தைகள் நாளும் கூட. டொராண்டோவில் 1922 ஜனவரியில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டவர் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன். ஒன்பதாம் வகுப்பு வயது என்று சொன்னதும் வகுப்பு அமைதியானது.

நான்காம் பாடவேளை: மரச்சீனி காப்பாற்றிய ஊர்

நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நாஞ்சில் நாடு அந்த நாட்டின் நெற்களஞ்சியம். 1906இல் பேச்சிப்பாறை அணை வந்து பாசனம் வலுப்பெற்றது. கல்குளம், விளவங்கோடு பக்கத்து மேட்டு நிலங்களில் நெல் எளிதல்ல. அங்கே மரச்சீனி ஊன்றியது.

மரச்சீனி நம் நாட்டுப் பயிர் அல்ல. தென் அமெரிக்காவில் பிறந்து, போர்த்துக்கீசியர் வழியாக மேற்குக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர், அரிசிப் பஞ்சத்துக்கு மாற்றாக இதன் சாகுபடியை ஊக்குவித்தார். அதன் அருமை முழுதாகத் தெரிந்தது இரண்டாம் உலகப் போரில்தான். திருவிதாங்கூர் வெளியிலிருந்து வரும் அரிசியை, குறிப்பாக பர்மா அரிசியை, பெரிதும் நம்பியிருந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்த அரிசி நின்றது.

அந்தக் கதையைச் சொல்ல ஒரு மாணவனின் பாட்டாவை வகுப்புக்கு அழைத்திருந்தோம். வயது தொண்ணூறை நெருங்குகிறது. "அரிசி கிட்டாது மக்களே. காலைல மரச்சீனி, ராத்திரியும் மரச்சீனி. சாளை கிட்டுன அன்னைக்கு விருந்து. அது இல்லேன்னா நாங்க இல்ல, நீங்களும் இல்ல" என்றார்.

பாட்டா போன பிறகு கணக்குப் போட்டோம். 100 கிராம் பச்சை மரச்சீனியில் கார்போஹைட்ரேட் ஏறத்தாழ 38 கிராம். புரதமோ ஒரு கிராம் அளவே. 100 கிராம் சாளையில் புரதம் சுமார் 20 கிராம். கார்போஹைட்ரேட் கிட்டத்தட்ட இல்லை. ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கிறது. கிழங்கும் மீன்கறியும் சேர்ந்தது வெறும் நாக்கு ருசி அல்ல. மீன் கிடைக்காத வீட்டில் வெறும் கிழங்கு மட்டும் தின்று வளர்ந்த குழந்தைகளுக்குப் புரதக் குறை வந்திருக்கும் என்பதையும் இதே கணக்கு சொல்லும்.

இன்னொன்றையும் பேசினோம். மரச்சீனியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள சயனைடு உண்டாகும். தோல் நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். "எங்க வீட்டுல தண்ணிய வடிச்சுக் கொட்டுவாவ, ஏன்னு தெரியாது" என்றாள் ஒருத்தி. இப்போது தெரிந்தது.

அப்போது எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரையிலேயே கடினமானது. "அம்புட்டு மரச்சீனி தின்ன பாட்டாவுக்கு சுகர் இல்லையே டீச்சர். அப்போ எவ்வளவு தின்னாலும் ஒண்ணும் செய்யாதா?"

ஒருவரை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதை முதலில் சொன்னேன். அதுவும் அறிவியல் பாடம்தான். பிறகு பாட்டா சொன்னதையே திரும்பிப் பார்க்கச் சொன்னேன். விடியற்காலை முதல் மண்வெட்டி வேலை. நாகர்கோவில் சந்தைக்கு நடந்தே போய் வருவது. வயிறு நிறைந்த நாள்கள் குறைவு. அவர் தின்றது அதிகம் போலத் தோன்றினாலும் செலவழித்தது அதைவிட அதிகம். அதே ஸ்டார்ச் இன்று, மூன்று வேளையும் நிறையத் தின்று, நான்கு முறை சர்க்கரை போட்ட தேநீர் குடித்து, உட்கார்ந்தே வேலை செய்கிற உடலுக்குள் போகிறது. கிழங்கு மாறவில்லை, அதைச் சுற்றியுள்ள வாழ்க்கை மாறியிருக்கிறது.

ஐந்தாம் பாடவேளை: எவ்வளவு?

என் பழைய அட்டவணையில் இல்லாமல் போன சொல் இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழுள்ள, ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் 2000 கிலோகலோரிக்கான ஒரு நாள் தட்டு இருக்கிறது. சமைக்காத அளவில் தானியம் 250 கிராம், பருப்பு, பயறு, முட்டை, இறைச்சி வகையில் 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லிலிட்டர், கொட்டை மற்றும் விதைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். தானியத்திலிருந்து வரும் ஆற்றல் 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்பது அதன் சாரம்.

நாம் உண்மையில் எப்படிச் சாப்பிடுகிறோம்? சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு நடத்திய நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியர் உண்ணும் ஆற்றலில் 62 விழுக்காடு கார்போஹைட்ரேட்டிலிருந்து வருகிறது. 2025இல் வெளிவந்த முடிவு இது. அதே ஆய்வு 2023இல், நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ மாற்றிக்கொள்வதால் மட்டும் ஆபத்து குறைவதாக அந்த ஆய்வில் தெரியவில்லை. கார்போஹைட்ரேட்டிலிருந்து வரும் ஆற்றலில் 5 விழுக்காட்டைப் பயறு, பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தால் மாற்றினால் ஆபத்து குறைவாக இருந்தது.

"5 விழுக்காடு என்றால் எவ்வளவு?" என்று கணக்குக் கொடுத்தேன். 2000இல் 5 விழுக்காடு 100 கிலோகலோரி. 4ஆல் வகுத்தால் 25 கிராம் கார்போஹைட்ரேட். சோற்றில் ஏறத்தாழ 90 கிராம், ஓர் அகப்பை. நீரிழிவு ஆபத்துள்ள பெரியவர்களுக்கான பேச்சு ஓர் அகப்பைச் சோற்றையும் அதன் இடத்தில் வரும் பயறையும் பற்றியது. தட்டையே காலி செய்வது பற்றியது அல்ல. வளரும் பிள்ளைகளுக்கோ அந்த ஓர் அகப்பையும் குறைய வேண்டியதில்லை. அவர்கள் தட்டில் கூட வேண்டியவை பயறும் காய்கறியும். குறைய வேண்டியவை குளிர்பானமும் பாக்கெட் தின்பண்டமும்.

அதற்காக வெறும் பாக்கெட்டுகளையும் காலிப் புட்டிகளையும் கொண்டுவரச் சொல்லி, பின்புற அட்டவணையைப் படிக்க வைத்தேன். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை என்று இருந்தால், 250 மில்லிலிட்டரில் 25 கிராம், ஐந்து தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் 2015இல், சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றது. 2000 கிலோகலோரிக்கு அந்த 5 விழுக்காடு 25 கிராம். ஒரே புட்டியில் ஒரு நாள் கணக்கு முடிந்துவிட்டது. கருப்பட்டிக் காப்பி குடிப்பவர்கள் பெருமையாக நிமிர்ந்தார்கள். கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரைதான் என்று சொல்ல வேண்டியிருந்தது.

வகுப்பில் கவனிக்க வேண்டியவை

'நல்ல உணவு', 'கெட்ட உணவு' என்ற தலைப்பில் பட்டியல் போட வைக்காதீர்கள். நம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் அன்று இருப்பது கஞ்சி மட்டுமாக இருக்கலாம். அந்தக் கஞ்சியோடு என்ன சேர்க்கலாம் என்று கேட்பதே பயன்.

வகுப்பில் எடை பார்த்து உரக்கச் சொல்வதும், ஒல்லி, குண்டு என்று எடுத்துக்காட்டுவதும் வேண்டாம்.

முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தை வகுப்பில் இருந்தால், அதன் உணவும் ஊசியும் மருத்துவர் சொன்னபடியே நடக்க வேண்டும். நடுக்கம், வியர்வை, குழப்பம் தெரிந்தால் காத்திருக்காமல், சுயநினைவோடு விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் சர்க்கரை நீர் கொடுத்து, உடனே மருத்துவ உதவி பெற வேண்டும். மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. 1982இல் சத்துணவாக விரிந்த மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு மேல் காலையில் யார் வெறும் வயிற்றோடு வருகிறார்கள் என்பதை அறிய வகுப்பாசிரியரின் கண்தான் உண்டு. மதிய உணவு வரிசையில் வாரம் ஒருமுறை நின்று பாருங்கள். யார் தட்டிலிருந்து யார் தட்டுக்குச் சோறு போகிறது என்பது தெரியும்.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை முடித்துவிட்டாள். காலையில் பழையசோறும் பயறும் சாப்பிட்டு வருவதாக அவள் அம்மா பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். அம்மாவும் ஓர் அகப்பையைக் குறைத்து, மாலையில் நடக்கிறார். சில நாள் மகளும் உடன் நடக்கிறாள்.

ஒன்பதாம் வகுப்புக்கு இந்த ஆண்டு அதே அட்டவணையைக் கரும்பலகையில் எழுதும்போது, 'மிகுந்தால்' என்ற பத்திக்குப் பக்கத்தில் 'குறைந்தால்' என்று ஒரு பத்தி சேர்த்தேன். அதற்கும் அடுத்து 'யாருக்கு, எவ்வளவு' என்று இன்னொரு பத்தி. பலகையில் இடம் போதவில்லை; பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டிக்கொண்டோம். உங்கள் மாணவர்களின் குறிப்பேட்டிலும் அந்த அட்டவணை இருக்கும். ஒருமுறை எடுத்துப் பாருங்கள், எத்தனை பத்திகள் இருக்கின்றன என்று.